வால்வு கிற்றார் விரியலாக்கி: முதல் கட்டுமானத்தில் பழுது காணல்

வால்வு கிற்றார் விரியலாக்கியை முதன்முறை வீட்டில் கட்டுவோர் எதிர்கொள்ளும் பழுது பெரும்பாலும் வால்வில் இல்லை, இணைப்பில் உள்ளது: இடம்மாறிய கம்பி, சரியாகப் பற்றாத ஈயம், பெறுமானம் மாறிய தடையி. ஆகவே பாகங்களை மாற்றுமுன் அளக்க வேண்டும். முதல் இயக்கத்தில் மின்வழங்கலுடன் தொடராக இணைத்த இழை மின்குமிழ் மங்காமல் எரிந்தால் எங்கோ குறுஞ்சுற்று உண்டு. 12ஏஎக்ஸ்7 வால்வின் 1.5 கிலோஓம் கதோட்டுத் தடையியில் 1.5 வோல்ற்று தெரிந்தால் 1 மில்லியம்பியர் ஓடுகிறது. 100 கிலோஓம் அனோட்டுத் தடையியில் 100 வோல்ற்று இறங்கும். கதோட்டில் சுழியமும் அனோட்டில் முழு அழுத்தமும் இருந்தால் ஓட்டமே இல்லை. சூடாக்கியையும் கதோட்டு இணைப்பையும் சோதிக்க வேண்டும். இரைச்சலும் சான்றுதான். இலங்கையின் 50 ஹேர்ட்சு மின்வழங்கலில், முழுவலைச் சீராக்கியுள்ள சுற்றின் 100 ஹேர்ட்சு ரீங்காரம் வடிகட்டும் கொள்ளளவியையும், 50 ஹேர்ட்சு ரீங்காரம் பெரும்பாலும் சூடாக்கிக் கம்பியையோ புவித்தொடுப்பையோ சுட்டும்.

வால்வை மாற்றிப் பார்ப்பதே விரைவு என்பர். பல்லாண்டு ஓடிய பெட்டிக்கு அது பொருந்தும். பிழையாக இணைத்த புதுச் சுற்றோ மாற்று வால்வையும் கெடுத்துவிடும். உடையார்கட்டு போன்ற வன்னி ஊர்களில் அந்த இழப்பை ஈடுசெய்வது எளிதன்று. மின்னோடும் சுற்றை அளப்பது ஆபத்து என்பதே வலுவான மறுப்பு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது குறைந்த அழுத்த மிதிவண்டி டைனமோவால் வானொலி இயக்கிய கைப்பழக்கம் இங்கே போதாது. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கக்கூடும். தடையி வழியே அதை வடித்து, பல்மானியால் உறுதிசெய்த பின்னரே சுற்றைத் தொடலாம். பல இணைப்புப் பிழைகளை மின்னில்லாமலே தடை அளந்து காணலாம் என்பதால், இந்த மறுப்பும் ஒழுங்காக அளக்கும் முறையையே வலுப்படுத்துகிறது.