உழவூர் தந்த தூதுவர்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வேற்று நாட்டு அவையில் தன் நாட்டின் சொல்லை எடுத்துரைக்கும் அப்பணி, நெடுங்காலம் உயர்குடியினருக்கே உரியதென்று கருதப்பட்டது. அக்கருத்தைத் தம் உழைப்பால் பொய்யாக்கியவர் கே. ஆர். நாராயணன். நம் சூளகிரி வட்டாரத்து மாணாக்கர் அவரைக் குடியரசுத் தலைவராக அறிவர். அதற்கு முன் அவர் ஆற்றிய தூதுப்பணியை அறிந்தோர் சிலரே.

1920ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்ச் சீமையின் உழவூரில், தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில், ஓலைக் குடிசையில் பிறந்தார். தந்தையார் நாட்டு மருத்துவர். நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வயல்வெளியில் நடந்து பள்ளி சென்றார். சம்பளம் கட்ட இயலாத நாட்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்க வழியின்மையால் தமையனார் பிறர் நூல்களை வாங்கிப் படியெடுத்துக் கொடுத்தார். 1943இல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றும் விரிவுரையாளர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. முதலிடத்திற்கே இந்நிலையெனில், ஏனையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ! பத்திரிகைத் தொழிலில் இறங்கியவர், 1945இல் டாட்டா உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, பேராசிரியர் லாஸ்கியிடம் பயின்றார். லாஸ்கி நேருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதத்துடன் 1948இல் திரும்பி, அடுத்த ஆண்டே அயலுறவுப் பணியில் சேர்ந்தார். இரங்கூனில் பணிபுரிந்தபோது பர்மியப் பெண்மணியை மணக்க விரும்பினார். அயல்நாட்டவரை மணக்க அலுவலருக்கு அரசின் அனுமதி தேவை. நேரு அதனை அளிக்க, 1951இல் திருமணம் நடந்தது.

தூதுவர் என்றால் விருந்தும் வரவேற்பும் என்றே பலர் எண்ணுகின்றனர். 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அவர்தம் கடமைகளை வகுத்துரைக்கிறது: தம் நாட்டின் சார்பாளராக நிற்றல், தம் குடிமக்களின் நலன் காத்தல், பேச்சுவார்த்தை நடத்துதல், அந்நாட்டு நிலைமையை முறையான வழியில் அறிந்து எழுதுதல், நட்பை வளர்த்தல். இவற்றுள் கடினமானது அறிந்து எழுதுதலே. தலைநகர் விரும்புவதை எழுதுதல் எளிது. உள்ளதை எழுதத் துணிவு வேண்டும். பிறர் மொழியைக் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். தெலுங்கில் விலை கேட்டுக் கன்னடத்தில் பேரம் பேசித் தமிழில் கணக்கு முடிக்கும் நம் சந்தை மக்களுக்கு இஃது எளிதில் விளங்கும்.

தாய்லாந்திலும் துருக்கியிலும் தூதுவராக இருந்த பின்னர், 1976இல் அவர் பீக்கிங் அனுப்பப்பட்டார். 1962 எல்லைப் போருக்கு முன்னரே இந்தியத் தூதுவர் அங்கிருந்து திரும்பியிருந்தார். பதினைந்து ஆண்டுகளாகக் கீழ்நிலை அலுவலரே தூதரகத்தை நடத்தி வந்தனர். மூடிக்கிடந்த கதவைத் தட்டும் பொறுப்பு உழவூர் மாணவருக்கு வாய்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மாவோ மறைய, சீன அரசியலே நிலைகுலைந்தது. பேசுவதற்குரியவர் யார் என்பதே தெளிவில்லாத அக்காலத்தில், பொறுமையே அவர்தம் கருவியாயிற்று. எல்லைச் சிக்கல் தீரவில்லை. ஆயினும் பேச்சுக்கு இடம் உண்டாயிற்று.

1978இல் ஓய்வுபெற்றவரை 1980இல் அரசு மீண்டும் அழைத்து வாஷிங்டனுக்கு அனுப்பியது. 1982இல் இந்திரா காந்தி அம்மையாரின் அமெரிக்கப் பயணம் அவர் தூதுவராயிருந்தபோதே நிகழ்ந்தது. தாராப்பூர் அணுமின் நிலைய எரிபொருள் பற்றிய நெடுநாள் பிணக்கு, பிரான்சு அதனை வழங்க வழிசெய்யப்பட்டு அப்போது தீர்ந்தது.

குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட நியமனப் பத்திரத்தை அயல்நாட்டுத் தலைவரிடம் அளித்த பின்னரே தூதுவர் முறைப்படி பொறுப்பேற்றவராவார். நாராயணனும் அத்தகைய பத்திரங்களை ஏந்திச் சென்றவரே. 1997 முதல் 2002 வரை, நம் தூதுவர்களின் பத்திரங்களில் ஒப்பமிட்டவர் அவர். தில்லிக்கு வந்த பிறநாட்டுத் தூதுவர்கள் தம் பத்திரங்களை ஒப்படைத்ததும் அவர் கையிலேதான்.