சேலம் ஜவ்வரிசி பிறந்த கதை

ஓமலூர்ப் பக்கத்துக் காடுகளில் பிடுங்கும் குச்சிக்கிழங்கு மூட்டை மூட்டையாகச் சேகோ எனும் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. இந்தத் தொழிலுக்கு வழிவிட்டது, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே மூண்ட வர்த்தகப் பகை.

1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனத்தில் படையிறக்க முனைந்தது. உடனே அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. பிரிட்டனும் டச்சுக்காரர்களும் அதையே செய்தார்கள். டாலர் இருந்தும் எண்ணெய் வாங்க வழியில்லாமல் போன ஜப்பான், டிசம்பரில் அவர்களுக்கு எதிராகப் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜாவாவும் போயிற்று. நம் பாயசத்துக்கு ஜவ்வரிசி வந்துகொண்டிருந்ததும் அந்தச் சீமையிலிருந்துதான். கப்பல் நின்றது, சரக்கும் நின்றது.

வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷாவைச் சந்தித்தார். ஷாவுக்கு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறை தெரியும். மரவள்ளியோ (நம் குச்சிக்கிழங்குதான்), 1880களிலேயே விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய பயிர். 1943 வாக்கில் சேலத்தில் கைவேலையாகத் தொழில் தொடங்கியது. பின்னர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களைத் திருத்தியமைக்க, உற்பத்தி பெருகியது.

செய்முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். அந்த ஈரமாவை உதிர்த்துத் துணியில் இட்டுக் குலுக்கினால் உருண்டு உருண்டு மணியாகத் திரளும். சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி.

போர் முடிந்து கடல்வழி திறந்த பிறகும் தொழில் நிலைத்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் விரதக் கிச்சடிக்குப் போவது பெரும்பாலும் நம் சரக்குதான்.

உலகச் சந்தையின் பிடி மட்டும் விடவில்லை. தாய்லாந்து மரவள்ளி மாவுக்கு விலை பேசுவது டாலரில். அதைப் பெருமளவில் வாங்குவது சீனா. சீனா கொள்முதலைக் குறைத்தால் அந்த மாவின் விலை சரியும். ரூபாய் வலுத்தால் அது இங்கே இன்னும் மலிவாக வந்திறங்கும். இங்கே மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்துக் கிழங்குக்கு விலை வாங்கும் விவசாயியால் டாலரையும் சீனாவையும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் கையில் இருப்பது சரக்கின் சுத்தம். மக்காச்சோள மாவு கலக்கும் ஒவ்வொரு மூட்டையும், கிழங்கு விளைவித்தவனின் விலையைத்தான் அறுக்கிறது. கடல்வழி அடைபட்டிருந்தது சில ஆண்டுகள்தான். அதன் பிறகு இத்தனை காலம் இந்தத் தொழிலைத் தாங்கியவை கிழங்கும் உழைப்பும். கலப்படத்தை ஒழிப்பதே அந்த உழைப்புக்குச் செய்யும் நியாயம்.