நாஞ்சில் நாட்டுச் சிட்டியும் லாபக் கணக்கும்

சந்தையில் விலை பேசப்படாத முதலீட்டின் லாபத்தை எப்படி அளப்பது? பிரைவேட் ஈக்விட்டி நிதிகளைப் பற்றிய இந்தக் கேள்வி நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் காலத்தில் சிட்டி எனப்பட்ட ஏலச்சீட்டும் அப்படிப்பட்ட முதலீடுதான்.

பத்துப் பேர், மாதம் 1,000 ரூபாய், பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதக் கமிஷன் போகக் கடைசியில் எடுப்பவருக்கு 9,500 ரூபாய். மாதாமாதம் கழிவில் கிடைத்த பங்கு மொத்தம் 1,000 என்றால் அவர் கட்டியது 9,000. லாபம் ஐந்தரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் தவணை ஒன்பது மாதம் உள்ளே கிடந்தது; கடைசித் தவணை ஒரு நாள்கூட இல்லை. சராசரி நாலரை மாதம். ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 15 சதவீதம்! பணம் போன நாளையும் வந்த நாளையும் பார்க்கும் இந்த முறைக்குத்தான் பிரைவேட் ஈக்விட்டியில் ஐ.ஆர்.ஆர். என்று பெயர்.

சீட்டு நடத்துபவர் ஓடிவிட்டால்? முதலில் எடுத்தவர் தப்பித்தார், கடைசி ஆளுக்கு எல்லாம் போச்சு. இந்த ஆபத்து அந்த 15-இல் தெரியாது.

கொல்லம் ஆண்டு 1120-இல் (1944-45) திருவிதாங்கூர் சிட்டிச் சட்டம் இயற்றியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனால் 1969-இல் கேரள அரசே கே.எஸ்.எஃப்.இ. தொடங்கிச் சிட்டி நடத்தியபோது களியக்காவிளைக்கு இப்பால் இருந்தவர்கள் வெளியாட்கள். 1982-ஆம் ஆண்டு மத்திய சட்டம், சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை நடத்துபவர் முன்கூட்டியே வைக்கவேண்டும் என்றது. 2019 திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5-லிருந்து 7 சதவீதமாக்கியது. அதுவும் கடைசி ஆளின் லாபத்தைக் குறைக்கும். பதிவு செய்யாத தெருச்சீட்டில் அந்தப் பிணையும் கிடையாது.