கிண்ணத்தை யார் நீட்டுவது?

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அடுத்த வருசமே ஒரு கோயில் எழும்பியது. எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்ட கோயில். சேரி சனம் நம்பிப் போனது. உள்ளே வெள்ளாளருக்கு ஒரு பக்கம், பறையருக்கு ஒரு பக்கம். ஊரும் சேரியும் கோயிலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டன.

ராசநாயக்கன் என்று ஒருவர். தஞ்சை அரசரின் படையில் இருந்த பறையர், கத்தோலிக்கர். அச்சில் வந்த தமிழ்ச் சுவிசேஷத்தைத் தானே படித்துத் தெளிந்து தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தார். உபதேசியாகித் தஞ்சைச் சீமையில் வேதம் வாசித்தார், செபித்தார், ஆள் சேர்த்தார்.

1733-ல் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், வெள்ளாளர். ராசநாயக்கனுக்கு அது கிடைக்கவில்லை. பறையர் கையால் இராப்போசனம் வாங்க வெள்ளாளர் வரமாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். இதில் ஆரோனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது அந்தப் பயத்தை. வேதம் வாசிக்கலாம், செபம் பண்ணலாம், சபைக்கு ஆள் கூட்டி வரலாம். அப்பத்தையும் கிண்ணத்தையும் நீட்டும்போது மட்டும் அது யாரு கைன்னு கேள்வி வருது.

நூறு வருசம் கழித்து, 1833-ல், பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளர் பலர் வெளியேறினார்கள். சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

புதுசாக ஒரு சபை எழும்பினால் வாசலில் நிற்கிற கூட்டத்தை எண்ணாதீர்கள். உள்ளே போய், கிண்ணம் யார் கையில் இருக்குன்னு பாருங்க.