திண்டிவனத்து வாசலும் செங்கல்பட்டுக் கையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்று வட்டாரத் தோல் ஊர்களின் ஆலயங்களில் ஊழிய அழைப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் பெரும்பாலும் ஏசாயா ஆறாம் அதிகாரம்தான். உயர்ந்த சிங்காசனம், புகை சூழ்ந்த ஆலயம், தன் அசுத்தத்தை எண்ணி நடுங்கும் மனிதன், உதட்டில் படும் நெருப்புத் தழல், கடைசியில் அனுப்பப்படச் சம்மதம். பிரசங்கியார் குரலை உயர்த்த வசதியான பகுதி.

இந்த வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான பகுதி அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. யோப்பா பட்டணத்தில் பேதுரு பல நாள் தங்கியது சீமோன் என்ற தோல் பதனிடுகிறவன் வீட்டில். வீடு கடலோரத்தில். தோல்காரன் வீடு ஏன் தண்ணீரை ஒட்டி இருந்தது என்று ஆம்பூர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செத்த விலங்கின் உடலைத் தொட்டால் தீட்டு என்ற சட்டத்தில் வளர்ந்த யூதன், நாள் முழுக்க அதையே தொட்டுப் பிழைப்பவன் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கிறான். அந்த வீட்டு மாடியில்தான், தேவன் சுத்தமாக்கியதை மனிதன் ஒதுக்கக் கூடாது என்ற தரிசனம் அவனுக்கு மூன்று முறை வந்தது. அது என்ன என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். புறஜாதியான ஒருவர் வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்கள். மறுநாள் அவன் அவர்களோடு போனான்.

தேவனுடைய பரிசுத்தம் மனிதனை எதிலிருந்து விலகச் சொல்கிறது, எதை நோக்கிப் போகச் சொல்கிறது என்ற கேள்வியை வேலூரில் ஒரே மருத்துவமனையின் இரண்டு பேர் இரண்டு விதமாக வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஒருவர் ஐடா ஸ்கடர். மற்றவர் பால் பிராண்ட். இருவரையும் ஒரே மூச்சில் புகழ்வதுதான் வழக்கம். பிரித்துப் பார்த்தால் கிடைப்பது அதிகம்.

ஐடா 1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். அப்பா ஆற்காடு மிஷன் மருத்துவர். அப்பாவின் சகோதரர்களும் மிஷனரிகள். இப்படி ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு மிஷன் வேலையே வேண்டாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமியாகக் கண்ணால் பார்த்தவர் வேறு. அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்ந்துவிடலாம் என்றிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890 வாக்கில் திண்டிவனம் வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் எண்ணம்தான்.

அங்கே ஓர் இரவில் அவர் வீட்டு வாசலிலும் மூன்று பேர் வந்து நின்றார்கள், ஒருவர் பின் ஒருவராக. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் சாவது மேல் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் பறையொலி. விசாரித்து வரச் சொன்னார். மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று பெற்றோரிடம் போய்ச் சொன்னார்.

யோப்பாவோடு இதைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று சட்டென்று தெரியும். அங்கே தீட்டின் சுவர் போக வேண்டியவன் பக்கம் இருந்தது. அதனால் தேவன் அவனோடு பேசினார். இங்கே சுவர் அழைக்க வந்தவர்கள் பக்கம். போகத் தயாராயிருந்த மருத்துவர் உள்ளறையில் இருந்தார், அவரை உள்ளே விட மனமில்லை. ஐடா அந்தச் சுவரோடு வாதாடவில்லை. சுவர் இருக்கட்டும், அதில் பெண்கள் நுழையக் கதவு இருக்கிறது, அந்தக் கதவு வழியாகப் போகக்கூடிய டாக்டராக நான் ஆகிறேன் என்பது அவர் எடுத்த முடிவு. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடக்கம், 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்திப் புண்ணுக்கு மருந்து போட்டதும் இதே காலம்தான்.

சுவரை ஒப்புக்கொண்டு வேலை செய்தது சமரசம் இல்லையா என்று இன்றைக்கு ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அடுத்த தெருவில் நான்காவது பெண்ணுக்கு வலி எடுக்கும்போது அங்கே வேண்டியது சீர்திருத்தச் சொற்பொழிவு அல்ல, புடவையைக் கொசுவிக்கொண்டு கிளம்பத் தயாராக ஒரு பெண் டாக்டர். அந்தக் கணக்கில் ஐடா செய்தது சரி. விலையும் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு மட்டும் என்று கட்டியது பின்னாளில் ஒரு மதிலாகவே நின்றது. எல்லா மருத்துவப் பள்ளிகளும் எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர வேண்டும் என்று அரசு நெருக்கியபோது, ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் பணமும் ஆசிரியர்களும் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அவருக்குப் பல வருஷம் தோள் கொடுத்த அமெரிக்கத் தோழிகளில் சிலர் அதைத் துரோகம் என்றே நினைத்தார்கள். ஐடா தயங்கி, பிறகு இசைந்தார். 1947இல் மாணவர்களும் உள்ளே வந்தார்கள்.

பால் பிராண்ட் வேலூருக்கு வந்தது 1946இல், ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற அதே ஆண்டு. ஐடாவின் கதவு அகலாமல் இருந்திருந்தால் இவருக்கு இங்கே இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். இவர் 1914இல் பிறந்தது நம் கொல்லிமலையில். அப்பா ஜெசி பிராண்ட் மலைமக்களுக்கு வைத்தியமும் கட்டட வேலையும் செய்தவர். வீட்டுக்கு ஒருநாள் தொழுநோயாளிகள் வந்தபோது பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டுப்போட்ட அப்பாவை மகன் பார்த்திருக்கிறார். வேறு யாருக்கு வைத்தியம் பார்த்தபோதும் அப்பா கையுறை போட்டு அவர் கண்டதில்லை. அன்பு இருந்தது, அன்புக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு கையுறையும் இருந்தது.

அந்தக் கையுறை கழன்றது 1947இல், செங்கல்பட்டில். டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் இல்லத்துக்குப் பிராண்ட் போயிருந்தார். விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட ஒருவர் கையைத் தம் கைக்குள் வைத்து, அழுத்திப் பிடியுங்கள் என்றார். செத்த கை, பிடி இருக்காது என்று நினைத்தார். எதிராளி பிடித்த பிடியில் வலி தாங்கவில்லை. முன்கைத் தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன, சில நரம்புகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன என்பது அந்த வலியில்தான் அவருக்குப் புரிந்தது. பலமுள்ள ஒரு தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிருமே! எலும்பு மருத்துவர்கள் யாரும் இந்த நோயாளிகளின் கையைத் தொட்டுப் பார்க்காததால் யாருக்கும் தோன்றாமல் போன யோசனை.

வேலூர் மருத்துவமனையிலேயே இதற்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. தொழுநோயாளி வார்டில் படுத்தால் மற்றவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்ற பயம். கிறிஸ்துவின் பெயரில் நடக்கும் இடத்துக்கே அந்தப் பயம் இருந்தது என்பதை மறைத்து எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை. 1948இல் அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீரமைக்கும் அறுவையில் உலகிலேயே முதல் முயற்சிகள் இவை.

சதை அழுகி விரல் விழுகிறது என்று எல்லோரும் நம்பியதைப் பிராண்டும் கூட்டாளிகளும் ஒவ்வொரு காயமாகக் கணக்கெடுத்து மறுத்தார்கள். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி ஏறிய செருப்போடு நடக்கிறார்கள். அப்படியும் சிலருக்கு ஒரே இரவில் விரல் நுனி காணாமல் போவது புதிராகவே இருந்தது. கண்விழித்துக் காவலிருந்து பார்த்தால், எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது; படுத்திருந்தவருக்குத் தெரியவே இல்லை. அன்று முதல், வீடு திரும்பும் நோயாளிக்குக் கொடுத்தனுப்பும் பொருள்களில் ஒரு பூனையும் சேர்ந்தது. ஊழியத்தைப் பற்றி நான் படித்த கனமான நூல்கள் எதிலும் பூனை இல்லை.

கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். வேலை தர ஆளில்லை. கை நேரானதால் முன்போலப் பிச்சையும் விழவில்லை. பிராண்ட் மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலை கற்றவர். 1951இல் நவ ஜீவ நிலையம் தொடங்கி அவர்களுக்குத் தச்சு கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1955இல் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

இருவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு எனக்கு ஒரு குதிகாலில் தெரிகிறது. அமெரிக்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஓர் இரவு லண்டனில் காலுறையைக் கழற்றும்போது தம் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று பிராண்ட் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடிய விடியப் படுத்திருந்தார். மனைவியை, பிள்ளைகளைப் பிரிய வேண்டும். இனி தாமும் அந்தப் பக்கத்து ஆள். காலையில் மறுபடி குத்தினார், சுரீரென்று வலித்தது. ரயிலில் நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருக்கிறது. வலிக்காகத் தேவனுக்கு நன்றி சொல்ல அவர் கற்றது அன்றுதான். ஆலயத்தில் ஏசாயா தானும் அசுத்தன் என்று கண்டதற்கு இணையான இரவு இது. ஐடாவின் கதையில் இப்படி ஓர் இரவு இல்லை. அவருடைய இரவில் செத்தவர்கள் வேறு பெண்கள். அவர் பிழைத்து நின்று, அந்தக் கடனைக் கட்டத் தொடங்கினார். ஒருவரை அனுப்பியது கடன் உணர்ச்சி, இன்னொருவரை அனுப்பியது பக்கத்தில் போய்ப் பார்த்தது. இரண்டாவது எனக்கு நெருக்கம். முதலாவதுதான் நிறுவனத்தை எழுப்பும்.

நித்தியத்தைப் பார்த்த விதமும் இதை ஒட்டியே பிரிகிறது. நாம் கட்டுவது மருத்துவப் பள்ளி மட்டுமல்ல, தேவனுடைய ராஜ்யம், ஆகவே சின்னதாக நினைத்துவிடாதீர்கள் என்ற பொருளில் ஐடா பேசியிருக்கிறார். தமக்குப் பின் வருகிறவர்கள், அவர்களுக்குப் பின் வருகிறவர்கள் என்று நீளும் வரிசை அவருடையது. 1960இல் கொடைக்கானலில் 89 வயதில் அவர் இறந்தபோது அந்த வரிசை அவரில்லாமலே நடந்துகொண்டிருந்தது. பிராண்டின் நித்தியம் உடம்பில் இருந்தது. தொழுநோயாளிகள் கூடியிருந்த ஜெபக்கூட்டம் ஒன்றில் பேச எழுந்தவர், எல்லோரும் கையைத் துணிக்குள் மறைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். தச்சனின் காய்த்த கை. நோயாளிகளைத் தொட்ட கை. ஆணி அடித்ததில் நரம்பு அறுந்து இவர்கள் கைபோலவே மடங்கிப்போயிருக்கக்கூடிய கை. உயிர்த்தெழுந்த பிறகும் தழும்போடு காட்டிய கை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மறைத்த கைகளை வெளியே எடுத்தார்கள். மறுமையில் ஊனமெல்லாம் துடைத்துப் போய்விடும் என்று ஆறுதல் சொல்வது எளிது. தழும்பு அங்கேயும் மதிப்போடு இருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல, அந்தக் கைகளைப் பிடித்தவரால்தான் முடியும்.

இந்த இருவர் காதிலும் விழாத ஒரு தட்டல் உண்டு. கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 1970களில் அரசு கட்டுப்பாடு போட்ட பிறகுதான் ஆவாரம்பட்டை, கடுக்காய்த் தொட்டிகளின் இடத்தைக் குரோம் பெரிய அளவில் பிடித்தது. அதற்குள் ஐடா இல்லை. பிராண்டும் 1966இலேயே அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய்விட்டார். ஆகவே அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. தோல் கழிவால் கெட்ட பாலாற்று நீருக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. ஐடா பிறந்த ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31ஆம் தேதி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச்சேறு பாய்ந்ததில் 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பரிசுத்தத்தைப் பற்றி இந்த ஊர்களில் பேசும் சபை, யார் அசுத்தம் என்பதை விட்டு, அசுத்தத்தை யார் தலையில் கொட்டுகிறோம் என்று கேட்க வேண்டிய இடம் அது. தோல்காரன் வீட்டு மாடியில் நின்று கேட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

பிராண்டும் அவரைச் சேர்ந்தவர்களும் உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பைப் பரவலாக்கினார்கள். புண் வராமல் காக்கும் நல்ல செருப்பு. ஆனால் அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்தே, போட்டிருப்பவருக்கு என்ன நோய் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. வெளியே போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைச் செருப்பை மாட்டிப்போய்ப் புண்ணோடு திரும்பியவர்கள் உண்டு. எல்லோரும் போடுவதுபோலவே தோற்றமும், உள்ளே அந்த மெத்தும் உள்ள செருப்பைச் செய்வது கைத்திறன் சம்பந்தப்பட்ட காரியம். அந்தக் கைத்திறன் உள்ளவர்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களில் பலர் ஆலயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.