பெஸ்ட் சிட்காம் எது? என் ஓட்டு ரமணிக்கு!

போன வாரம் முத்தாபுதுப்பேட்டையில, எங்க வீட்டு மொட்டை மாடியில ஒரே சண்டை. தமிழ் டிவியோட பெஸ்ட் சிட்காம் எது? நண்பன் ‘லொள்ளு சபா’ன்னு அடிச்சு சொன்னான். சந்தானத்தை சினிமாவுக்குக் கொடுத்த ஷோ, மறுக்கல. ஆனா அது படங்களைக் கலாய்ச்ச நிகழ்ச்சி. படம் பார்க்காதவனுக்குப் பாதி ஜோக் புரியாது. சிட்காம்னா ஒரே வீடு, அதே ஆட்கள், புதுசு புதுசா பிரச்சினை.

அதனால என் ஓட்டு ‘ரமணி வெர்சஸ் ரமணி’க்கு. கே. பாலசந்தர் நிறுவனத் தயாரிப்பு, இயக்கம் நாகா. ஆமாங்க, ‘மர்மதேசம்’ எடுத்து எல்லாரையும் போர்வைக்குள்ள ஒளிய வெச்ச அதே நாகா! புருஷன் பேரும் ரமணி, பொண்டாட்டி பேரும் ரமணி. வில்லியே கிடையாது, ரெண்டு பேரோட ஈகோ போதும்.

1999-ல ‘சித்தி’ வந்து தினத்தொடர் சூடுபிடிச்சதும் இந்த மாதிரி காமெடிக்கு இடம் சுருங்கிடுச்சு. தினமும் அழ வெச்சிடலாம். தினமும் சிரிக்க வைக்க யாரால எழுத முடியும்?

எங்க அப்பாவும் அம்மாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து சிரிச்ச ஒரே தொடர் அதுதான். நண்பன்கிட்ட இதை மட்டும் சொல்லல.