அறுபடுமுன் அறிவிக்கும் வடம்

துறைமுகத்திலோ, தொழிற்சாலை எழும்பும் இடத்திலோ பாரந்தூக்கி ஒன்று பல டன் எடையுள்ள இயந்திரத்தை அந்தரத்தில் தூக்கி நிறுத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூக்குவதற்கு முன், கீழே நிற்கும் கலாசி எஃகு வடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உற்றுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் தேடுவது அறுந்த கம்பிகளின் சிறு முனைகளை! அந்தத் தேடலுக்குக் காரணம் அறிய, நாம் ஜெர்மனியின் சுரங்கம் ஒன்றுக்குச் செல்ல வேண்டும்.

ஹார்ஸ் மலைப்பகுதி வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. அங்கே கிளவுஸ்தால் என்னும் ஊரில், ஆழமான குழிகளிலிருந்து தாதுவை மேலே இழுக்க நார்க் கயிறுகளையும் இரும்புச் சங்கிலிகளையும் பயன்படுத்தி வந்தனர். நார்க் கயிறு சுரங்கத்தின் ஈரத்தில் உளுத்துப் போயிற்று. சங்கிலியோ இன்னும் மோசம். நேற்றுவரை தாங்கிய அதே பாரத்தை இன்று தூக்கும்போது, எந்த முன்னறிகுறியும் இன்றி ஒரு கண்ணி தெறித்துவிடும். ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று.

அவ்வூர்ச் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் (1787–1846) இதற்கு விடை காண முற்பட்டார். சங்கிலியின் மீது பாரத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் பொறி ஒன்றை அமைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் சங்கிலியை அறுக்க இயலாத பாரம்கூட, பல்லாயிரம் தடவை ஏறி இறங்கினால் அதை அறுத்துவிடும் என்பது தெரிந்தது. இன்று நாம் ‘உலோகச் சோர்வு’ என்று கூறுவது இதைத்தான். 1837-இல் அவர் வெளியிட்ட முடிவுகளே இத்துறையில் நாம் அறிந்த முதல் சோதனை முடிவுகள்.

அதற்குள் அவர் மாற்றுவழியையும் கண்டுவிட்டார். 1834 ஜூலையில், கிளவுஸ்தாலின் கரோலின் சுரங்கக் குழியில் இரும்புக் கம்பி வடம் ஒன்று இயங்கத் தொடங்கியது. 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகள் நான்கை முறுக்கி ஒரு புரி. அத்தகைய புரிகள் மூன்றைச் சேர்த்து முறுக்கினால் வடம். ஆக மொத்தம் பன்னிரண்டே கம்பிகள். கையாலேயே முறுக்கினார்கள்.

இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும் என்பது எளிதில் விளங்கும். அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. முறுக்கிய கம்பிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால், அறுந்த கம்பி, அறுந்த இடத்திலிருந்து சற்றுத் தொலைவிலேயே உராய்வினால் மறுபடி தன் பங்குப் பாரத்தை ஏற்றுக்கொள்கிறது! எனவே வடம் ஒரேயடியாக அறுவதில்லை. கம்பி கம்பியாக அறிவித்துக்கொண்டு அறுகிறது. பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் நியூவால் என்பவர் 1840-இல் கம்பி வடத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜான் ரோப்ளிங் 1841 முதல் வடம் முறுக்கலானார். அதன்பின் கம்பி வடம் உலகெங்கும் பரவிற்று.

வடத்தைச் சோதிப்பவர் வெறுங்கையால் அதைத் தடவிப் பார்ப்பதில்லை. அறுந்த முனை கையைக் கிழித்துவிடும். துணியைச் சுற்றி இழுத்தால், அறுந்த முனையில் துணி சிக்கும். ஒரு புரி வடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரும் நீளத்தை அளவாகக் கொண்டு அறுந்த கம்பிகளை எண்ணுகிறார்கள். பாரத்தைக் கட்டித் தூக்கும் வடங்களுக்கு, அந்த நீளத்துக்குள் பரவலாகப் பத்துக் கம்பிகளோ, ஒரே புரியில் ஐந்தோ அறுந்திருந்தால் வடத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி.

கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. பல வடங்களின் நடுவே எண்ணெயில் ஊறிய நார்த்திரி இருக்கும். அது காய்ந்து நலிந்தால் புரிகள் உள்ளே அமிழ்ந்து வடம் மெலியும். அதனால்தான் குறுக்களவை அளந்து பார்க்கிறார்கள். புரிகளின் இடுக்கிலிருந்து செந்நிறத் துருத்தூள் கசிந்தால், உள்ளே அரிப்பு முற்றியிருக்கிறது என்று பொருள். மேலே கிரீஸ் பளபளப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. மடங்கிக் கொக்கிபோல் முறுக்கேறிய வடத்தைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துவதும் வீண். உருவம் நேராகலாம், வலிமை திரும்பாது.

தூக்குக் கருவிகளைத் தகுதி வாய்ந்த ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. நாள்தோறும் உழைக்கும் வடத்துக்கு அது மட்டும் எப்படிப் போதும்? வேலை தொடங்குமுன் அன்றாடம் பார்க்கும் பார்வைதான் பெரிது. கழித்த வடத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவது நல்ல வழக்கம். ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று யாராவது எடுத்து மாட்டிவிடுவார்களே!

ஆனால் கழிக்கவே முடியாமல் போன கம்பிகளும் வரலாற்றில் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டும்போது, 1878 ஜூனில் வடப்பகுதி ஒன்று கட்டறுந்து பாய்ந்து தொழிலாளர் உயிரைக் குடித்தது. அதையடுத்த வாரங்களில் மோசடி ஒன்று வெளிப்பட்டது. கம்பி வழங்கிய லாயிட் ஹேய் என்னும் ஒப்பந்தக்காரர், நல்ல கம்பிச் சுருளைக் காட்டிச் சான்று பெற்று, வழியிலேயே அதை மட்டமான சுருளாக மாற்றி அனுப்பிவந்தார். நல்ல சுருள் மறுபடி சோதனைக்கே திரும்பி வந்தது! பாலத்தில் ஏறிவிட்ட மட்டக் கம்பிகளைப் பிரித்தெடுக்க வழியில்லை. தேவையைப்போல் ஆறு மடங்கு வலிமை இருக்கும்படி பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் முன்பே வடிவமைத்திருந்தார். அது ஐந்து மடங்காகக் குறைந்தாலும் பாலம் நிற்கும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு பெருவடத்திலும் மேலும் 150 கம்பிகளைச் சேர்க்கச் செய்தார். 1883-இல் பாலம் திறக்கப்பட்டது. ஹேயின் கம்பிகள் அந்தப் பெருவடங்களுக்குள்ளேயே தங்கிவிட்டன.